பிராக் நகரத்தை அளந்து வைத்த அரசர்

செக் குடியரசின் தலைநகரான பிராக்கின் வரைபடத்தை விரித்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சார்லஸ் பாலம், சார்லஸ் சதுக்கம், சார்லஸ் பல்கலைக்கழகம். தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் கார்ல்ஷ்டைன் கோட்டை. அந்தப் பெயருக்குள்ளும் அவர்தான் இருக்கிறார். செக் மொழியில் காரெல், ஜெர்மன் மொழியில் கார்ல், ஆங்கிலம் வழியாக நமக்கு சார்லஸ். 14ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவை, அதாவது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்த அரசை, ஆண்ட நான்காம் சார்லஸ்.

பிராக்கைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் இவரைத் தெரிந்துகொள்வது நல்லது. பாலம் இவர் கட்டியது, பேராலயம் இவர் கட்டியது என்று பட்டியல் போடுவது எளிது. ஆனால் இவர் விட்டுச் சென்றவற்றில் பெரியது எந்தக் கட்டடமும் இல்லை என்பது என் எண்ணம். ஒரு நகரம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று இவர் போட்ட அளவு இருக்கிறதே, அதுதான் பெரியது. அந்த அளவுக்குள் பிராக் ஐந்நூறு வருடம் வாழ்ந்தது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1316 மே 14 அன்று பிராக்கில் பிறந்தார். தந்தை லக்ஸம்பர்க் வம்சத்து ஜான். தாய் எலிஷ்கா, பொஹீமியாவைப் பல தலைமுறை ஆண்ட பழைய உள்ளூர் வம்சத்தின் மகள். குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் வாட்ஸ்லாவ். பொஹீமியாவின் காவல் புனிதரின் பெயர் அது. ஆங்கிலத்தில் வென்செஸ்லாஸ் என்பார்கள். ஏழு வயதில் பையனைப் பாரிஸ் அரண்மனைக்கு அனுப்பிவிட்டார் தந்தை. அங்கே பிரெஞ்சு அரசரின் பெயரான சார்லஸ் இவருக்கும் வந்து சேர்ந்தது. பாரிஸில் இவருக்குப் பழக்கமான பியர் ரோஜே என்ற துறவி, பின்னாளில் ஆறாம் கிளமெண்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். இந்த உறவு பிராக்குக்கு எப்படி உதவியது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

1333ல் பொஹீமியாவுக்குத் திரும்பியபோது சார்லஸுக்கு வயது 17. தாய் இறந்துபோயிருந்தார். தந்தை எப்போதும் எங்கோ ஒரு போரில். தாய்மொழியான செக் மொழியே மறந்துபோயிருந்தது. மறுபடியும் கற்றுக்கொண்டார். ஊரின் நிலைமையைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்: அரச குடும்பத்துக்குச் சொந்தமான கோட்டைகள் எல்லாம் அடமானத்தில் இருந்தன, பிராக் கோட்டை இடிந்து கிடந்தது, அதனால் சாதாரணக் குடிமகனைப் போல ஊருக்குள் ஒரு வீட்டில் தங்க வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த பலதும் புரியும். பாரிஸைப் பார்த்து வளர்ந்த பையன் சொந்த ஊருக்கு வந்து, இருக்க இடமில்லாமல் நின்றிருக்கிறான்.

1346ல் பிரான்சின் கிரெஸி போர்க்களத்தில் தந்தை இறந்தார். அப்போது அவர் பார்வை முழுவதும் போயிருந்தது. அடுத்த வருடம் சார்லஸ் பொஹீமியாவின் அரசராக முடிசூடினார். 1355ல் ரோமில் புனித ரோமப் பேரரசர் ஆனார். 'புனித ரோமப் பேரரசு' என்றதும் ரோம் அதன் தலைநகரம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஜெர்மன் பகுதிகளை மையமாகக் கொண்ட, நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் நகரங்களும் சேர்ந்த ஒரு பெரிய தொகுப்பு. அதற்கு நிலையான தலைநகரம் கிடையாது. பேரரசர் ஊர் ஊராகப் போய் ஆட்சி செய்வார். எந்த ஊரைத் தன் இருப்பிடமாகக் கொள்வது என்பது அவர் விருப்பம். சார்லஸ் பிராக்கைத் தேர்ந்தெடுத்தார்.

பணம் எங்கிருந்து வந்தது? குட்னா ஹோரா வெள்ளிச் சுரங்கங்களிலிருந்து. பிராக்கிலிருந்து கிழக்கே ஒரு நாள் இரண்டு நாள் பயணத்தில் இருக்கும் அந்த ஊரின் வெள்ளியில்தான் 'பிராக் குரோஷன்' என்ற நாணயம் அச்சானது. சுரங்க வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பேராலயக் கட்டுமானத்துக்கென்று தந்தை ஜானே 1341ல் ஒதுக்கியிருந்தார்.

ஆயர் பேராயர் ஆனால் என்ன ஆகும்?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயருக்கு மேலே பேராயர். பிராக்கில் அதுவரை இருந்தது ஆயர் மட்டுமே. அவர் ஜெர்மனியில் இருந்த மைன்ஸ் நகரத்துப் பேராயருக்குக் கீழ்ப்பட்டவர். பொஹீமிய அரசருக்கு முடிசூட்டும் உரிமையும் மைன்ஸ் பேராயரிடமே இருந்தது. சொந்த நாட்டு அரசருக்கு முடிசூட்ட வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும் என்ற நிலை.

1344ல் இது மாறியது. பிராக் பேராயர் பீடமாக உயர்ந்தது. உயர்த்தியவர் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட், அதாவது பாரிஸில் பழகிய அதே பியர் ரோஜே. பேராயர் வந்துவிட்டால் அவருக்கு ஏற்ற ஆலயம் வேண்டுமே? அதே வருடம் நவம்பர் 21 அன்று கோட்டைக் குன்றின் மேல் புனித வீட்டஸ் பேராலயத்துக்கு அடிக்கல் விழுந்தது. போப்பாண்டவர் அப்போது பிரான்சின் அவிஞ்ஞோன் நகரத்தில் இருந்தார். அங்கிருந்து அர்ராஸ் ஊர்க்காரரான மத்தியாஸ் என்ற கட்டடத் தலைவரைச் சார்லஸ் அழைத்து வந்தார். பிரெஞ்சு பாணியில் பேராலயம் எழத் தொடங்கியது.

அந்த பாணிக்குப் பெயர் கோதிக். கோதிக் என்றால் கூரான கோபுரங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பார்வைக்குத் தெரிவது. சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பாணிக் கட்டடங்களில் கூரையின் பாரத்தைச் சுவர் தாங்கியது. அதனால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், ஜன்னல் சின்னதாக இருக்க வேண்டும், உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். கோதிக் கட்டடத்தை ஒரு பந்தலோடு ஒப்பிடலாம். பந்தலைத் தாங்குவது பந்தல்கால், துணி இல்லை. அதேபோல் கோதிக் ஆலயத்தில் கூரையின் பாரம் குடைக்கம்பி போன்ற கல் வரிகள் வழியாக ஓடிச் சில தூண்களில் போய்ச் சேருகிறது. கூர்முனை வளைவு பாரத்தை அதிகமாகக் கீழ்நோக்கியே தள்ளும். பக்கவாட்டில் தள்ளுகிற மிச்ச பாரத்தைக் கட்டடத்துக்கு வெளியே சாய்ந்து நிற்கும் கல் முட்டுகள் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே சுவருக்கு வேலை இல்லாமல் போகிறது. சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வைக்கலாம். உள்ளே வெளிச்சம் கொட்டும்.

மத்தியாஸ் 1352ல் இறந்தார். அடுத்து சார்லஸ் எடுத்த முடிவு துணிச்சலானது. 1356ல் ஷ்வேபிஷ் க்முண்ட் என்ற ஜெர்மன் ஊரிலிருந்து பீட்டர் பார்லர் என்பவரை வரவழைத்துப் பேராலயத்தை ஒப்படைத்தார். பார்லருக்கு அப்போது வயது 23 என்று சொல்கிறார்கள்.

பார்லர் செய்ததை ஒரு இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். பீடத்துக்கு முன்னால் உள்ள பகுதியின் கூரை அது. வழக்கமான பிரெஞ்சு கோதிக் கூரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே குறுக்காக ஒரு வளைவு இருக்கும். ரயில் பெட்டிகள் மாதிரி கூரை துண்டு துண்டாகத் தெரியும். பார்லர் அந்தக் குறுக்கு வரியை எடுத்துவிட்டு, சாய்வாக இரட்டை வரிகளை ஓடவிட்டார். மொத்தக் கூரையும் ஒரே வலைபோல நீளமாக ஓடுகிறது. கண் எங்கேயும் தடுக்காமல் பீடம் வரை போய்விடுகிறது. தரையிலிருந்து சுமார் 33 மீட்டர் உயரத்தில் அந்த வலை. இந்த யோசனை மத்திய ஐரோப்பாவின் பிற்காலக் கோதிக் ஆலயங்கள் பலவற்றில் பரவியது.

இன்னொன்று இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய ஜன்னல்களுக்குக் கீழே, பேராலயத்தின் உட்புறம் நெடுகக் குறுகலான ஒரு நடைவழி உண்டு. அங்கே 21 தலைச் சிற்பங்கள். சார்லஸ், அவர் பெற்றோர், நான்கு மனைவிகள், சகோதரர்கள், மகன், பேராயர்கள், கட்டுமானப் பணியை மேற்பார்த்த குருக்கள். இவர்களோடு அதே வரிசையில் மத்தியாஸும் பார்லரும். பேரரசருக்கும் கட்டியவருக்கும் அங்கே ஒரே வரிசைதான். பார்லரின் தலைக்குப் பக்கத்தில் உள்ள கல்வெட்டு அவர் எங்கிருந்து வந்தார், என்னென்ன செய்தார் என்று சொல்கிறது. வல்தாவா ஆற்றுப் பாலமும் அதில் வருகிறது. சார்லஸின் முகத்தில் லேசான சிரிப்பு. இத்தனையும் கீழே நின்று வழிபடுகிறவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயரத்தில் இருக்கின்றன. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனி மனிதராகச் செதுக்கியிருக்கிறார்கள்.

அதே பேராலயத்தின் தெற்குப் பக்கம் புனித வென்செஸ்லாஸின் சிற்றாலயம். 10ஆம் நூற்றாண்டில் சொந்தத் தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்ட இளவரசர் அவர். அவர் கல்லறை இருந்த இடத்தை நகர்த்தாமல், அதைச் சுற்றிச் சதுரமான இந்த அறையைக் கட்டி 1367ல் அர்ப்பணித்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெருகேற்றிய கற்கள்: சிவப்பு ஜாஸ்பர், ஊதா அமெதிஸ்ட். அளவாக வெட்டிய சதுரக் கற்கள் இல்லை. பாறையை எப்படி அறுத்தார்களோ அப்படியே, கோணல்மாணலாக. இடுக்குகளில் பொன் பூசிய சாந்து. ரத்தினங்களால் ஆன விண்ணக நகரத்தைப் பற்றி விவிலியத்தின் கடைசி நூல் சொல்கிறதே, அதை ஒரு அறைக்குள் கொண்டுவரும் முயற்சி. மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும் இருந்த காலத்தில் அந்தப் பொன் எப்படி அசைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த அறையிலிருந்து ஒரு படிக்கட்டு மேலே போகிறது. அங்கே பொஹீமிய மணிமுடி இருக்கும் அறை. சார்லஸ் தன் முடிசூட்டு விழாவுக்காகச் செய்வித்த முடி அது. ஆனால் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் புனித வென்செஸ்லாஸுக்கே எழுதிவைத்துவிட்டார். பின்னால் வரும் அரசர்கள் முடிசூடும்போது அதைப் புனிதரிடமிருந்து இரவல் வாங்க வேண்டும். அறைக் கதவுக்கு ஏழு பூட்டுகள். இன்று ஏழு சாவிகளும் ஏழு பேரிடம் இருக்கின்றன: குடியரசுத் தலைவர், பிரதமர், நாடாளுமன்றத்தின் இரு அவைத் தலைவர்கள், பேராயர், பேராலயக் குருக்கள் குழுவின் தலைவர், பிராக் மேயர்.

சரி, சார்லஸ் இந்தப் பேராலயத்தை முடித்துப் பார்த்தாரா? இல்லை. அவர் 1378 நவம்பர் 29 அன்று இறந்தார். பீடப் பகுதி 1385ல்தான் முடிந்தது. 1419ல் ஹுஸ்சியர் கலகம் என்ற மதப் போர் வெடித்ததும் வேலை அப்படியே நின்றது. மேற்குப் பக்கம் தற்காலிகமாக ஒரு சுவர் எழுப்பி மூடினார்கள். அந்தத் தற்காலிகம் பல நூற்றாண்டு நீடித்தது. 19ஆம் நூற்றாண்டில் செக் மக்கள் சங்கம் அமைத்துப் பணம் திரட்டி மீதியைக் கட்டினார்கள். 1929ல் பேராலயம் முழுமை பெற்றது. அடிக்கல்லிலிருந்து 585 வருடம். போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: மேற்கு வாசல் வழியாக நுழைந்ததும் கண்ணில் படும் பாதி 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. சார்லஸ் காலத்துப் பகுதிக்கு அங்கிருந்து கிழக்கே நடக்க வேண்டும்.

புது நகரம்

இனி நான் முக்கியமானது என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

1348 மார்ச் 8 அன்று ஒரு சாசனம் வெளியானது. பிராக்கின் பழைய நகரத்தை ஒட்டித் தெற்கிலும் கிழக்கிலும் ஒரு புது நகரம் அமைக்கச் சொல்லும் சாசனம். செக் மொழியில் 'நோவே மியெஸ்தோ'. புது நகரம் என்றுதான் பொருள். மார்ச் 26 அன்று மதிலுக்கு அடிக்கல். ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீள மதில், இரண்டே வருடத்தில் எழுந்துவிட்டது. வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், எவ்வளவு இடத்தை வளைத்தார்கள் என்று பாருங்கள். அன்றைய பழைய நகரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பிராக்கின் மொத்த மக்கள்தொகையே அந்த நூற்றாண்டின் இறுதியில் சுமார் 40,000 என்று வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவ்வளவு பேருக்கு அந்த இடம் தேவைப்படவே இல்லை.

இடைக்கால ஐரோப்பிய நகரம் எப்படி இருக்கும்? சந்தைக்குப் பக்கத்தில் நாலு வீடு வரும், அப்புறம் அதை ஒட்டி நாற்பது, வண்டித் தடமே தெருவாகிவிடும். கோணலும் வளைவுமாக, இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாமல். பழைய நகரம் அப்படித்தான் வளர்ந்தது. இன்று அதில் நடந்தாலும் வழி தவறும். புது நகரத்தில் அது தலைகீழ். முதலில் அளந்து தெருவைப் போட்டார்கள், வீடு பிறகு. சில முக்கியத் தெருக்கள் 20 மீட்டரையும் தாண்டிய அகலம். குதிரை வண்டிக் காலத்தில் அந்த அகலத்தில் தெரு போட்டிருக்கிறார்கள். இன்று அதே யெச்னா, ஜிட்னா தெருக்களில் கார்கள் வரிசையாக ஓடுகின்றன. யெச்னா என்றால் பார்லித் தெரு, ஜிட்னா என்றால் கம்புபோல ரொட்டிக்குப் பயன்படும் ரை தானியத்தின் தெரு.

நடுவே மூன்று சந்தை மைதானங்கள். குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை, வைக்கோல் சந்தை. குதிரைச் சந்தை 750 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். 1848ல் அதற்கு வென்செஸ்லாஸ் சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள். 1968ல் சோவியத் டாங்கிகள் நின்றதும் அங்கேதான், 1989ல் கம்யூனிச ஆட்சி விழுந்தபோது லட்சக்கணக்கானோர் கூடியதும் அங்கேதான். குதிரை விற்பதற்கென்று விட்ட இடம், ஒரு நாடே கூடி நிற்கும் அளவுக்கு விட்ட இடம். மாட்டுச் சந்தை அதைவிடப் பெரியது, சுமார் 8 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 20 ஏக்கர். ஐரோப்பாவின் மிகப் பெரிய சதுக்கங்களில் ஒன்று. அதுதான் இன்றைய சார்லஸ் சதுக்கம். மாடு விற்க மட்டும் அவ்வளவு இடம் எதற்கு? சார்லஸ் தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த புனிதர்களின் திருப்பண்டங்களை, அதாவது அவர்களின் எலும்பு, உடை போன்றவற்றை, வருடத்துக்கு ஒருமுறை அங்கே மக்களுக்குக் காட்டுவார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் யாத்திரிகர்கள் குவிவார்கள். அந்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் அளவு.

நகரத்தில் ஆள் குடியேற வேண்டுமே? மனை வாங்கியவர் ஒரு மாதத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும், 18 மாதத்துக்குள் வீட்டை முடிக்க வேண்டும். வந்து குடியேறுகிறவர்களுக்குப் 12 வருட வரி விலக்கு. கொல்லர், சக்கரம் செய்கிறவர், பீருக்குத் தானியத்தை முளைகட்டி மால்ட் தயாரிப்பவர் என்று சத்தமும் புகையும் உண்டாக்குகிற தொழிலாளிகள் பழைய நகரத்திலிருந்து புது நகரத்துக்கு மாற வேண்டும் என்றும் உத்தரவு இருந்தது. இன்றைய நகரத் திட்டமிடலில் தொழிற்பேட்டையைத் தனியாக ஒதுக்குவது போன்ற யோசனை.

வெறும் வயலில் வரைந்த திட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இடத்தில் ஏற்கெனவே சில சிற்றூர்கள் இருந்தன. அவற்றின் கோயில்களை இடிக்காமல் புது நகரத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். புனித லோங்கினுஸ் என்ற குட்டி வட்டக் கோயில் இன்றும் ஒரு தெருவோரத்தில் நிற்கிறது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள், நடுவில் கல்லால் ஆன குதிர் மாதிரி அது.

புது நகரத்தின் தென்பகுதியைக் கோயில்களாலும் மடங்களாலும் நிரப்பினார் சார்லஸ். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று எம்மாவு மடம். 1347ல் நிறுவி, குரோஷியாவிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளை வரவழைத்தார். எல்லா இடத்திலும் லத்தீனில் வழிபாடு நடந்த காலத்தில் அங்கே பழைய ஸ்லாவிய மொழியில் வழிபாடு நடத்தச் சிறப்பு அனுமதி வாங்கினார். சொந்த மொழியை மறந்து திரும்பக் கற்ற மனிதர் இதைச் செய்தார் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. 1945 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் மடத்தின் கூரையும் கோபுரங்களும் போயின. 1960களில் அதன்மேல் கான்கிரீட்டில் இரண்டு கூர்முனைகள், ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டிப் பறப்பதுபோல் எழும்பின. பழைய கோதிக் உடம்பும் நவீனத் தலையுமாக நிற்கும் அந்தக் கோயில் அழகாகவே இருக்கிறது. இன்னொன்று 1350ல் தொடங்கிய கார்லொவ் கோயில். எட்டுப் பக்கம் கொண்டது. சார்லஸ் தன் பெயருக்கு முன்னோடியாகக் கருதிய பேரரசர் சார்லமேனுக்கு அர்ப்பணித்தது. சார்லமேனின் ஆகென் நகரச் சிற்றாலயமும் எட்டுப் பக்கம்தான்.

இப்போது அந்த அளவைப் பற்றி. புது நகரத்தின் மதிலுக்குள் பல இடங்கள் நூற்றாண்டுக் கணக்கில் காலியாகவே இருந்தன. தோட்டம், திராட்சைத் தோட்டம் என்று கிடந்தன. பெரிதாக வளைத்துவிட்டார் என்று அன்றைக்கு யாராவது முணுமுணுத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிராக் அந்த மதிலைத் தாண்டி நெருக்கமாக வளரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1870களில்தான் மதிலை இடித்தார்கள். ரயில், தொழிற்சாலை, அடுக்குமாடி எல்லாம் வந்தபோதும் நகரத்தின் நடுப்பகுதியை உடைத்துப் புதிதாகத் தெரு போட வேண்டிய கட்டாயம் புது நகரத்தில் பெரிதாக எழவில்லை. அகலமான தெரு ஏற்கெனவே இருந்தது. வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில் மதில் வாசல் இருந்த இடத்தில் இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது.

பாலம்

பழைய நகரத்தையும் கோட்டைப் பக்கத்தையும் பிரிக்கிறது வல்தாவா ஆறு. அதன்மேல் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய யூடித் பாலம் என்ற கல் பாலம் இருந்தது. 1342 பிப்ரவரியில் பனிக்கட்டி உடைந்து வந்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாலத்தின் நினைவாக ஒரு கல் முகம் மிஞ்சியிருக்கிறது. தாடிக்காரர் என்ற பொருளில் அதை 'பிராடாச்' என்கிறார்கள். பாலத்தின் பழைய நகரப் பக்கத்தில், கரைச்சுவரில் பதித்திருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது ஊர்க்காரர்கள் இந்த முகத்தைத்தான் பார்த்தார்களாம். தண்ணீர் தாடியைத் தொட்டுவிட்டால் ஊருக்குள் வரப்போகிறது என்று அர்த்தம்.

புதுப் பாலத்துக்கு 1357ல் அடிக்கல். ஜூலை 9 காலை 5 மணி 31 நிமிடம் என்று நிமிடக் கணக்கோடு பல வழிகாட்டிகள் சொல்வார்கள். வருடம், நாள், மாதம், மணி, நிமிடம் என்று அடுக்கினால் 1-3-5-7-9-7-5-3-1 என்று அழகாக வரும். ஆனால் அந்த நேரத்தைப் பதிவுசெய்த சாசனம் ஏதும் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் முன்வைத்த ஊகம் அது. சார்லஸுக்குச் சோதிடத்தில் நம்பிக்கை இருந்தது என்பதால் ஒட்டிக்கொண்டது. சாந்தில் முட்டை கலந்தார்கள், வெல்வாரி ஊர்க்காரர்கள் வழியில் உடையாமல் இருக்க வேகவைத்து அனுப்பிவிட்டார்கள் என்ற கதையும் அப்படித்தான். கதையாகக் கேட்க நன்றாக இருக்கும்.

பாலம் 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், மணற்கல். பழைய பாலத்தைவிட உயரமாகவும் அகலமாகவும் கட்டினார்கள். முடிந்தது சார்லஸ் இறந்து பல வருடம் கழித்து, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1841 வரை பிராக்கில் ஆற்றைக் கடக்க இது ஒன்றே பாலம். 1890 வெள்ளத்தில் மிதந்து வந்த மரக்கட்டைகள் அடைத்துக்கொண்டு மூன்று வளைவுகள் இடிந்தன, திரும்பக் கட்டினார்கள். 2002ன் பெருவெள்ளத்தில் நின்றுவிட்டது. டிராம்கூட ஒரு காலத்தில் இதன்மேல் ஓடியது. 1965லிருந்து நடப்பவர்களுக்கு மட்டும்.

புகைப்படங்களில் நாம் பார்க்கும் 30 சிலைகள் சார்லஸ் காலத்தவை இல்லை. பெரும்பாலானவை 1683க்கும் 1714க்கும் இடையில் வைத்தவை. அவர் காலத்துப் பாலத்தில் சிலை வரிசை கிடையாது. 'சார்லஸ் பாலம்' என்ற பெயரும் 1870ல் வந்ததுதான். அதுவரை வெறுமனே கல் பாலம், அல்லது பிராக் பாலம். அவர் காலத்தின் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தை ஊரைப் பார்த்த முகப்பில் பாருங்கள். சார்லஸும் மகன் நான்காம் வென்செஸ்லாஸும் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் புனித வீட்டஸ். ஆற்றைப் பார்த்த முகப்பில் சிற்பம் ஏதும் மிச்சமில்லை. 1648ல் சுவீடன் படை சுட்டதில் போய்விட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1348 ஏப்ரல் 7 அன்று நிறுவிய பல்கலைக்கழகம் மத்திய ஐரோப்பாவின் முதலாவது. கார்ல்ஷ்டைன் கோட்டையும் அதே வருடத்தில் தொடங்கியது. பிராக்கைச் சுற்றி திராட்சை பயிரிட 1358ல் உத்தரவிட்டார். திராட்சைத் தோட்டம் என்ற பொருளில் வினோஹ்ராடி என்ற பகுதி இன்றும் இருக்கிறது, கொடிகள் இருந்த இடத்தில் வீடுகள். பெட்ரின் குன்றின்மேல் 1360க்கும் 1362க்கும் இடையில் எழுப்பிய மதிலுக்குப் பெயர் பசி மதில். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு வேலையும் சோறும் கொடுக்கக் கட்டினார் என்பது மக்கள் வழக்கு.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை விட்டுவிட்டால் நியாயமாக இருக்காது. 1349ல், கொள்ளைநோய்க் காலத்தில், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் யூதர் குடியிருப்பை இடித்துச் சந்தை மைதானம் ஆக்க அனுமதி கொடுத்தவர் இதே சார்லஸ்தான். அந்தக் கலவரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பிராக்கில் சந்தைக்கு இடம் விட்ட கையும் அந்த அனுமதியில் முத்திரை வைத்த கையும் ஒன்றே. அவரை எழுதும்போது இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நடந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அதை வகுத்ததும் சார்லஸ்தான். முடிசூடப்போகும் அரசர் முதல் நாள் மாலை ஆற்றோரக் குன்றான விஷெஹ்ராடுக்குப் போக வேண்டும் என்று விழா முறையில் எழுதிவைத்தார். உழவனாக இருந்து அரசனானதாகச் சொல்லப்படும் ப்ரெமிஸ்ல் என்ற மூதாதையின் மரநார்ச் செருப்பை அங்கே புது அரசருக்குக் காட்டுவார்கள். அங்கிருந்து புறப்பட்டுப் புது நகரத்துக்குள் இறங்கினால் கார்லொவ், எம்மாவு, மாட்டுச் சந்தை. பிறகு பழைய நகரத்தின் வளைந்த தெருக்கள், பாலக் கோபுரம், பாலம், கோட்டைக் குன்று. நின்று பார்த்துக்கொண்டே நடந்தால் அரை நாள். குன்றேறி பேராலயத்துக்குள் போனதும் வலைக் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பீடத்தைச் சுற்றியுள்ள சிற்றாலயங்களில் வால்ட்ஷ்டைன் சிற்றாலயத்தைத் தேடுங்கள். அங்கே கால் தேய்ந்த இரண்டு கல்லறைக் கற்கள் இருக்கின்றன. ஒன்று மத்தியாஸுடையது, மற்றது பார்லருடையது.